மூட்டு வலியும் நான்காவது திருத்தமும்

தண்டையார்பேட்டை

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதமும் அதற்குள் மடித்து வைத்திருந்த விளம்பரத் தாளும் வந்து சேர்ந்தன. மழைக்குப் பயந்து கடையில் தாள் கட்டுகளைப் பரண்மேல் ஏற்றிக்கொண்டிருந்தேன். அதனால்தான் தாமதம்.

முழங்கால் மூட்டுக்குள் குழாய் விட்டுச் சுத்தம் செய்துகொள்ளலாமா என்று என்னைக் கேட்கிறாய். நான் மருத்துவனா? மருத்துவ மாணவர்களின் ஆய்வேடுகளைத் தட்டச்சு செய்து பைண்டிங் போட்டுக் கொடுப்பவன். ஆனால் இருபது வருடம் அதையே செய்தால், வரி எங்கே சறுக்குகிறது என்பது கைக்குத் தெரிந்துவிடுகிறது.

போன மாதம் ஒரு பையன் வந்தான். எந்தக் கல்லூரி என்று கேட்காதே. குடலிறக்கத்துக்கு இரண்டு வகை வலையை வைத்துத் தைத்து, மூன்று மாதம் கழித்து எதில் வலி குறைவு என்று பார்த்த ஆய்வு. வித்தியாசம் இல்லை. முதல் பிரதியில் அப்படித்தான் எழுதியிருந்தான். ஆய்வுக்கு வழிகாட்டும் பேராசிரியரான கைடு திருப்பி அனுப்பினார். இரண்டாவது பிரதியில் அது ‘குறையும் போக்கு தெரிகிறது’ என்றானது. பேசின் பிரிட்ஜில் நிற்கிற ரயிலை சென்ட்ரல் வந்துவிட்டதாக அறிவிப்பது போல! நான்காவது திருத்தத்தில், அளந்து வைத்திருந்த பத்துப் பன்னிரண்டு விஷயங்களில் முதல் நாள் வலி மட்டும் குறைந்திருந்ததைத் தோண்டியெடுத்து, ஆய்வேட்டின் முன்னால் வரும் சுருக்கத்தின் தலையில் வைத்தார்கள். மூன்று மாதக் கேள்வி உள்ளே ஏதோ ஓர் அட்டவணையில் போய் ஒளிந்துகொண்டது. எண் ஒன்றுகூட மாறவில்லை, சண்முகம். நான்தானே அடித்தேன். இதோ பொய் என்று எந்த வரியையும் தொட்டுக் காட்ட முடியாது.

எதை அளக்கப் போகிறோம் என்பதை முன்கூட்டியே மருத்துவச் சோதனைகளுக்கான மத்தியப் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும் என்பது 2009 ஜூன் முதல் நம் நாட்டிலும் கட்டாயம். அவன் ஆய்வையும் தேடிப் பார்த்தேன். ‘மூன்று மாத வலி’ என்றே பதிவாகியிருந்தது. யார் போய் ஒப்பிடுகிறார்கள்?

பெரிய இடங்களிலும் இதே கதைதான். 2010-இல் இசபெல் பூட்ரான் என்ற பிரெஞ்சு ஆய்வாளரும் கூட்டாளிகளும், முதன்மைக் கேள்விக்கு உறுதியான பலன் கிடைக்காத 72 சோதனைகளை எடுத்துப் படித்தார்கள். 42 கட்டுரைகளில் சுருக்கத்தின் முடிவுரை, பலன் இருப்பதுபோல் வளைக்கப்பட்டிருந்தது. 13-இல் தலைப்பே வளைந்திருந்தது.

இதயத்தின் இடது பிரதான ரத்தக்குழாய் அடைப்புக்கு குழாய்க்குள் வைக்கும் ஸ்டென்ட்டா, நெஞ்சைத் திறந்து செய்யும் பைபாஸா என்று பார்த்த எக்செல் ஆய்வு இன்னும் நுட்பம். 2019-இல் வந்த ஐந்தாண்டு முடிவில் இறப்பு, பக்கவாதம், மாரடைப்பு மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி, ஸ்டென்ட்டுக்கு 22.0 விழுக்காடு, பைபாஸுக்கு 19.2, குறிப்பிடத்தக்க வித்தியாசமில்லை என்று முடித்தார்கள். மூட்டையைப் பிரித்தால் இறப்பு மட்டும் ஸ்டென்ட் பக்கம் 13.0, பைபாஸ் பக்கம் 9.9. அந்த எண்ணும் சுருக்கத்திலேயே இருக்கிறது, முடிவுரையில்தான் காணோம். ஆய்வில் இருந்த அறுவை மருத்துவர் டேவிட் டேகர்ட் கட்டுரையிலிருந்து தன் பெயரையே எடுத்துவிட்டார். அவர் கத்தி பிடிக்கும் பக்கத்துக்காரர் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்.

இனி உன் மூட்டு. 2002-இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் மோஸ்லி என்ற மருத்துவரின் குழு, முழங்கால் மூட்டுத் தேய்மானம் உள்ள 180 பேரை மூன்றாகப் பிரித்தது. சிலருக்கு மூட்டைக் கழுவினார்கள், சிலருக்குச் சுரண்டினார்கள், மீதிப் பேருக்குத் தோலை மட்டும் கீறித் தைத்து அனுப்பினார்கள். இரண்டு வருடத்தில் எந்தக் கட்டத்திலும், வெறும் தோல் கீறப்பட்டவர்களைவிட மற்றவர்களுக்கு வலி குறையவில்லை. நீ அனுப்பிய தாளில் வலி குறைந்தவர்களின் விழுக்காட்டைக் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். யாரோடு ஒப்பிட்டு? அதற்கு ஒரு சொல் இல்லை. தேய்மானம்தானா, இல்லை மூட்டு நடுவில் பூட்டிக்கொண்டு நீட்ட முடியாமல் போகிறதா என்று முதலில் கேள். பூட்டிக்கொள்கிறதென்றால் பேச்சே வேறு.

எக்ஸ்ரே படத்தை எடுத்துக்கொண்டு இங்கே வந்துவிடேன். அடுத்த தெருவில் ஓர் எலும்பு மருத்துவர் இருக்கிறார். கேட்ட கேள்விக்கு நின்று பதில் சொல்கிற மனிதர். தண்டையார்பேட்டை மெட்ரோவில் லிப்ட் இருக்கிறது, வீம்புக்குப் படியேறாதே. தங்கைக்கு மீன் குழம்பு பிடிக்கும் அல்லவா, அவளையும் அழைத்து வா. காசிமேட்டில் வஞ்சிரம் சொல்லி வைக்கிறேன்.

உன்,
ராஜாராம்