இணைப்பைத் துண்டிக்க 1900 போல ஒரு எண் வேண்டும்: டிராய் தலைவருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய டிராய் (இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். நான் சென்னையில் ஒரு பிராட்பேண்ட் சந்தாதாரர். சந்தாதாரராக இருந்தவன் என்று எழுத வேண்டும். இருந்தவனா, இன்னும் இருப்பவனா என்பதுதான் எனக்கும் இணைப்புக் கொடுத்த நிறுவனத்துக்கும் நடக்கிற சண்டையே. பெயர் சொல்லவில்லை. சொன்னால் அது ஒரு நிறுவனத்தின் கதையாகப் போய்விடும். இதே கதையை வேறு வேறு நிறுவனங்களின் பெயரில் என் அலுவலகத்திலேயே மூன்று பேர் சொல்கிறார்கள்.

மடிப்பாக்கத்தில் மூன்று வருடம் குடியிருந்தோம். இணைப்பு வாங்கிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. காலையில் போன் செய்தேன். மதியம் இரண்டு பையன்கள் ஏணியோடு வந்தார்கள். மொட்டை மாடி வழியாக ஃபைபரை இழுத்து, ஹாலில் இணையப் பெட்டியை மாட்டி, சாயங்காலக் காபிக்குள் இணையம் வந்துவிட்டது. ஆதார், ஒரு ஓடிபி, முடிந்தது வேலை. 699 ரூபாய் என்று சொன்ன பிளான், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து மாதம் 825 ரூபாயாக வந்தது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. வரி எப்போதும் பொடி எழுத்தில்தான் இருக்கும், தெரிந்த விஷயம்.

அப்புறம் வீடு மாறினோம். புது வீட்டுப் பக்கம் அவர்கள் கேபிள் வரவில்லை. "உங்க ஏரியாவுக்கு ஃபீசிபிலிட்டி இல்ல சார்" என்று அவர்களே சொன்னார்கள். சரி, அப்படியென்றால் லைனைத் துண்டித்துவிடுங்கள் என்றேன்.

ஆப்பில் தேடினேன். வேகத்தைக் கூட்ட பட்டன் இருக்கிறது, ஓடிடி சேர்க்க இருக்கிறது, நண்பரைச் சேர்த்துவிட்டால் தள்ளுபடி வாங்க இருக்கிறது. துண்டிக்க இல்லை. கஸ்டமர் கேருக்குப் போன் செய்தால், புதிய இணைப்புக்கான எண்ணை அழுத்தினால் உடனே ஆள் எடுக்கிறார், மற்றதற்கெல்லாம் பாட்டுதான். முதல் முறை எடுத்த பெண், மூன்று மாதத்துக்குப் பாதி விலை தருவதாகச் சொன்னார். "உங்க கேபிளே இல்லாத வீட்டில பாதி விலைக்கு வாங்கி நான் என்னம்மா பண்றது?" என்றேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் அடுத்த சலுகையையும் வாசித்து முடித்துவிட்டுத்தான் விட்டார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. இரண்டாம் முறை, வேறு துறைக்கு மாற்றுகிறேன் என்றவுடன் லைன் கட். மூன்றாம் முறை ஒருவர் "ரிக்வெஸ்ட் போட்டாச்சு சார்" என்றார். புகார் எண் கேட்டேன். எஸ்எம்எஸ்ஸில் வரும் என்றார். வரவேயில்லை. பிறகு விசாரித்தால், என் மூன்று அழைப்புகளும் அவர்கள் கணினியில் 'தகவல் விசாரணை' என்று பதிவாகியிருக்கின்றன. துண்டிக்கச் சொல்லி நான் கேட்கவே இல்லையாம்.

நடுவில் ஒரு டெக்னீஷியன் பெட்டியை எடுக்க வந்தார். அவர் பைக்குள் ஏற்கனவே நாலைந்து பெட்டிகள். ரசீது கேட்டேன். "சிஸ்டத்துல அப்டேட் பண்ணிடுவேன் சார், ரசீதெல்லாம் கிடையாது" என்று கிளம்பிவிட்டார்.

இரண்டு மாதம் கழித்து வந்த பில்: இரண்டு மாத வாடகை 1,650, தாமதக் கட்டணம் வரியோடு 118, திருப்பித் தராத கருவிக்கு 2,500. ஆக 4,268 ரூபாய். அதன் பிறகு வசூல் ஏஜென்சியிலிருந்து தினமும் போன். கடன் வாங்கும் தகுதியைக் காட்டும் சிபில் ஸ்கோர் போய்விடும் என்று மிரட்டல். நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்தேன். பலன், 118 ரூபாயைத் தள்ளுபடி செய்தார்கள்.

எங்கள் பழைய தெருவில் ஒரு கேபிள் டிவிக்காரர் இருந்தார். மாதம் பிறந்தால் வீட்டுக்கே வந்து காசு வாங்கி, ஒரு மஞ்சள் அட்டையில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். "அண்ணே, அடுத்த மாசத்துலேர்ந்து வேணாம்" என்றால் தீர்ந்தது. படம் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும், அது வேறு. ஆனால் அந்த அட்டை நம்மிடம் இருக்கும். இப்போது நான் கேட்டேனா, எப்போது கேட்டேன், பெட்டியைக் கொடுத்தேனா என்ற அத்தனைக்கும் சாட்சி, என்னிடம் பணம் கேட்கிறவரின் கணினி மட்டும்தான்.

உங்கள் அலுவலகத்துக்கும் எழுதினேன். தனிநபர் புகார்களை டிராய் கையாள்வதில்லை, நிறுவனத்தையே அணுகவும் என்று பதில் வந்தது. 1997ஆம் ஆண்டுச் சட்டம் உங்களுக்கு அந்த வேலையைத் தரவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விதி எழுதும் வேலையைத் தந்திருக்கிறது. 2012இல் நீங்கள் எழுதிய புகார் தீர்வு விதிகளின்படி முதலில் புகார் மையம், அங்கே தீராவிட்டால் மேல்முறையீடு, அதற்கு 39 நாளில் முடிவு. மேல்முறையீட்டு அதிகாரி அதே நிறுவனத்துக்குள் இருப்பவர்தான். அவருக்கு ஆலோசனை சொல்லும் குழுவில் நுகர்வோர் அமைப்பிலிருந்து ஒருவரை வைத்திருக்கிறீர்கள், நல்ல யோசனை. ஆனால் அந்தப் படியில் ஏறப் புகார் எண் வேண்டும். எண்ணே கொடுக்காவிட்டால் முதல் படியிலேயே ஆள் நின்றுவிடுவார் என்பது உங்களைவிட நிறுவனங்களுக்கு நன்றாகப் புரிந்திருக்கிறது.

நுகர்வோர் நீதிமன்றம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 2009இல் வந்த ஒரு தீர்ப்பைக் காட்டி, தொலைத்தொடர்பு வழக்குகள் அங்கே வரக்கூடாது என்று நிறுவனங்கள் பல வருடம் வாதாடின. 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்தக் கதவைத் திறந்துவிட்டது. 5 லட்சம் ரூபாய் வரையிலான சேவைக்கு வழக்குக் கட்டணமும் இல்லை. ஆனால் மீதி 4,150 ரூபாய்க்காக எத்தனை நாள் லீவு போடுவது? என் அலுவலக நண்பர் ஒருவர், வாய்தாவுக்கு அலைய முடியாது என்று கேட்ட பணத்தைக் கட்டிவிட்டார்.

வெளியேற விடாமல் இழுத்தடிப்பதைத் தவறு என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்களே சொல்கின்றன. 13 ஏமாற்று உத்திகளைப் பட்டியலிட்டு, அதில் சந்தாப் பொறியையும் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் அது வேறு அமைச்சகம். பிராட்பேண்ட் நிறுவனம் பயப்படுவது உங்கள் கையெழுத்துக்கு.

இதற்கு நீங்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. மொபைலில் செய்துவிட்டீர்கள். 2011 ஜனவரியில் நாடு முழுக்க, எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றும் வசதி வந்தது. போர்ட் என்று எழுதி எண்ணைச் சேர்த்து 1900க்கு ஒரு எஸ்எம்எஸ், மாறுவதற்கான குறியீடு வந்துவிடும். 2019 டிசம்பர் முதல் அந்தக் குறியீட்டைக் கொடுப்பதும் பழைய நிறுவனமில்லை, நடுவில் இருக்கும் மூன்றாம் தரப்பு. பழைய நிறுவனம் பாட்டுப் போட்டு என்னைக் காக்க வைக்க முடியாது. அதே ஏற்பாட்டை வீட்டு இணையத்துக்கும் கொண்டுவாருங்கள். ஒரு எண்ணுக்கு எஸ்எம்எஸ் அனுப்பினால், நிறுவனத்தைச் சாராத இடத்திலிருந்து தேதியோடு எனக்கு ஒரு குறியீடு வர வேண்டும். அந்தத் தேதியோடு வாடகை நிற்க வேண்டும். பெட்டியை எடுத்துப் போகிறவர், அதன் சீரியல் எண்ணோடு என் போனுக்கு ஒரு ஒப்புகையை அனுப்பிவிட்டுத்தான் படியிறங்க வேண்டும்.

பெட்டியோடு காணாமல் போகிற வாடிக்கையாளர்களும் இருக்கிறார்கள், தெரியும். பாக்கி இருந்தால் மொபைல் நிறுவனத்தை மாற்ற முடியாது என்று வைத்திருக்கிறீர்களே, அதையும் இங்கே வையுங்கள். உண்மையான பாக்கி என்றால் கட்டிவிட்டுப் போகிறோம்.

என் பில்களையும், அழைப்புகளின் தேதி நேரத்தையும் தபாலில் தனியாக அனுப்பியிருக்கிறேன். என் புகாரைத் தீர்க்கச் சொல்லி அல்ல. அடுத்த முறை விதிகளைத் திருத்தும் முன் கருத்துக் கேட்பீர்கள் இல்லையா, அந்தக் கருத்துகளோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
மடிப்பாக்கம் வீட்டைக் காலி செய்தும் அந்த வீட்டு இணையத்துக்குப் பாக்கி வைத்திருப்பதாகச் சொல்லப்படும் ஒருவன்