ஞாயித்துக்கிழம கண்டி டிரிப் – எஹலேபொல வளவ்வ

வணக்கம் எல்லாருக்கும், ஞாயித்துக்கிழம தலதா மாளிகைக்குப் போறவங்க அப்படியே டவுனுக்குள்ள இருக்கிற எஹலேபொல வளவ்வயையும் பாத்துட்டு வரலாம்னு முடிவு பண்ணியிருக்கோம், அதான் கொஞ்சம் கதைய சொல்லிடுறேன். வளவ்வன்னா நம்ம வளவு மாதிரித்தான், ஆனா பிரதானி வீட்டுக்குத்தான் அப்படி சொல்லுவாங்க. எஹலேபொல, ராஜாவோட முதல் அதிகாரம், அதாவது முதல் மந்திரி. ராஜா யாரு, நம்ம கண்ணுசாமி, அதாவது கண்டியோட கடைசி ராஜா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன்.

1814ல ரெண்டு பேருக்கும் முட்டிக்கிச்சு, எஹலேபொல வெள்ளக்காரன்கிட்ட ஓடிட்டாரு, மாட்டினது அவரு பொண்டாட்டி புள்ளைங்க. புள்ளைங்க தலைய வெட்டச் சொல்லிட்டாரு ராஜா. பெரிய பையன் பயந்து அம்மா பின்னாடி ஒளிய, சின்னவன் மத்தும பண்டார "நான் முன்னுக்குப் போறேன்"னு கழுத்த நீட்டுனான்னு சொல்லுவாங்க, அம்மாவ போகம்பர குளத்துல மூழ்கடிச்சாங்க (இப்ப நம்ம போட்டோ புடிக்கிற கண்டி ஏரி இல்ல, அது வேற).

1815ல கண்டி வெள்ளக்காரன் கைக்குப் போச்சு, ராஜாவ வேலூருக்கு அனுப்பிட்டாங்க. எஹலேபொலவுக்கும் ஒண்ணும் கெடைக்கல, வெள்ளக்காரனுக்கு எதிரா நடந்த 1818 கலகத்துல சந்தேகப்பட்டு புடிச்சு கடைசியில மொரிசியசுக்கு ஏத்தி, அங்கயே 1829ல செத்தாரு. வீட்ட ஜெயிலாக்கிட்டாங்க, 1876ல போகம்பர ஜெயில் வர்ற வரைக்கும்! எனக்கு அதுதான் மனசுல நிக்குது.

இப்ப உள்ள மெழுகுச்சிலை வச்சிருக்காங்க. சின்னப் புள்ளைங்க பயப்படலாம், பாத்துக்கோங்க. வர்றவங்க வெள்ளிக்குள்ள பேர போட்டுருங்க.