சொன்ன பிறகு என்ன நடக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வளரிளம் பருவத்துப் பிள்ளைகள் தமக்கு நேர்ந்த வன்முறையை ஏன் மறைக்கிறார்கள் என்ற பேச்சு வரும்போதெல்லாம் பயம், கூச்சம், அறியாமை என்று பிள்ளைகளிடமே காரணம் தேடுகிறோம். பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற நான் கண்டவரையில், பதினாறு வயதுப் பிள்ளைக்குத் தனக்கு நடந்தது குற்றம் என்பது நன்றாகவே தெரியும்; வெளியே சொன்னால் அடுத்து என்ன நடக்கும் என்பதும் தெரிவதால்தான் வாய் திறப்பதில்லை.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை நாம் மறந்திருக்க முடியாது. உடன் படித்தவர்களின் சாதிக் கொடுமை தாளாமல் பள்ளிக்குச் செல்வதை நிறுத்தியிருந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவர், பள்ளியில் காரணம் கேட்டபோது நடந்ததைச் சொன்னார். அதன் பிறகு ஓர் இரவில் வீடு புகுந்து அவரையும், தடுக்க வந்த தங்கையையும் அரிவாளால் வெட்டினார்கள். கேட்டது சரி, அவர் சொன்னதும் சரி. சொன்னவருக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பது மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. இந்தச் செய்தியைப் படித்த மற்ற பிள்ளைகள் என்ன முடிவுக்கு வந்திருப்பார்கள்?

பெண் பிள்ளைகளின் அச்சம் வேறு வகை. பேருந்து நிறுத்தத்தில் ஒருவன் கையைப் பிடித்தான் என்று வீட்டில் சொன்னால், முதலில் பறிபோவது அவளுடைய கைப்பேசி, அடுத்து டியூஷன், சில வீடுகளில் படிப்பே. தவறு செய்தவர் நெருங்கிய உறவினராக இருந்துவிட்டால் குடும்பத்தைப் பிரித்த பழியும் அவள் தலையில்தான் விழும். ஆண் பிள்ளைகளைப் பற்றி நாம் நினைப்பதுகூட இல்லை. மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வில், பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஆண் பிள்ளைகளே. பெரும்பாலோர் அதை எவரிடமும் முறையிடவில்லை.

நம் பள்ளிகளில் 'மாணவர் மனசு' என்ற புகார்ப் பெட்டி இருக்கிறது. 1098, 14417 என்ற உதவி எண்களும் இருக்கின்றன. நல்ல ஏற்பாடுகள்தாம். ஆனால் அந்தப் பெட்டி தலைமையாசிரியர் அறை வாசலில் தொங்கினால், எல்லோர் கண்ணெதிரே அதில் சீட்டுப் போட எந்தப் பிள்ளை துணியும்? பெயர் எழுதாவிட்டாலும் கையெழுத்தை வைத்தே யாரென்று சொல்லிவிடும் ஆசிரியர்கள் நாங்கள் என்பது பிள்ளைகளுக்குத் தெரியாதா?

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, பாலியல் குற்றம் பற்றி அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். எனவே 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று உறுதி தந்து விஷயத்தைக் கேட்டு வாங்குவது பிள்ளையை ஏமாற்றுவதாகவே முடியும். அதே சட்டம், விசாரிக்க வரும் காவலர் சீருடையில் வரக்கூடாது என்றும், பிள்ளையின் அடையாளம் ஊடகங்களில் வெளிவரக்கூடாது என்றும், இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கக்கூடாது என்றும் சொல்கிறது. இவற்றை எத்தனை வகுப்புகளில் எடுத்துச் சொல்லியிருக்கிறோம்?

நாங்குநேரிக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கை, 500 மாணவர்களுக்கு மேல் படிக்கும் மேல்நிலைப் பள்ளிகளில் நல அலுவலர் ஒருவரை நியமிக்கப் பரிந்துரைத்தது. புகார் கொடுத்த மாணவரின் வீட்டுக்கு அன்று மாலையே சென்று பார்ப்பதை அந்த அலுவலரின் முதல் கடமையாக அரசு வரையறுக்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பட்டதாரி ஆசிரியை,
திருநெல்வேலி மாவட்டம்.