புயல் தெரிந்தது, ஃபீடர் தெரியவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிசம்பர், ஜனவரி வந்தால் அமெரிக்கப் பனிப்புயல் படங்கள் நம் பத்திரிகைகளில் வந்துவிடும். பனி மூடிய கார்கள், காலியான கடை அலமாரிகள், மேலே ‘இயற்கையின் சீற்றம்’ என்று ஒரு தலைப்பு. நான் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். 2021 பிப்ரவரியில் டெக்சாஸ் மாநிலத்தில், டல்லாஸ் பக்கம் மகள் வீட்டில் இருந்தேன். அங்கே பட்ட பாட்டில் இயற்கையின் பங்கு பாதிதான். மீதியைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

வானிலைத் துறையைக் குறை சொல்ல வழியே இல்லை. பல நாள் முன்பிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிப்ரவரி 12ஆம் தேதியே ஆளுநர் 254 கவுண்டிகளுக்கும் (நம் மாவட்டம் போன்றவை), அதாவது மாநிலம் முழுவதற்கும், பேரிடர் அறிவித்துவிட்டார். மகளின் போனில் எச்சரிக்கை மேல் எச்சரிக்கை. குழாயைச் சொட்டுச் சொட்டாகத் திறந்து விடுங்கள், வெளிக்குழாயில் துணி சுற்றுங்கள், வண்டி எடுக்காதீர்கள் என்று ஒன்று விடாமல் வந்தது. 16ஆம் தேதி டல்லாஸ் விமான நிலையத்தில் மைனஸ் 19 டிகிரி செல்சியஸ். 1949க்குப் பிறகு அந்த ஊர் அப்படி ஒரு குளிரைப் பார்த்ததில்லை.

ஆனால் 15ஆம் தேதி நள்ளிரவு தாண்டி நடந்தது வேறு கதை. அங்கே மின்சாரத்தின் ஃப்ரீக்வென்சி (அதிர்வெண்) 60 ஹெர்ட்ஸ், நமக்கு 50. உற்பத்தி குறைந்து லோடு, அதாவது மின்தேவை, ஏறினால் இந்த எண் இறங்கும். அன்று 59.4க்கும் கீழே போய், 4 நிமிடம் 23 வினாடி அங்கேயே நின்றது. 9 நிமிடம் நின்றிருந்தால் மின்நிலையங்கள் வரிசையாக ட்ரிப் ஆகி, அதாவது தானாகவே நின்று, மாநிலமே இருண்டிருக்கும். அப்படி ஆகியிருந்தால் மறுபடி எழுப்ப வாரக்கணக்கில் ஆகும். எங்கே எவ்வளவு மின்சாரம் போக வேண்டும் என்று கவனிக்கும் லோடு டெஸ்பாட்ச்சில் உட்கார்ந்தவர்களுக்கு அந்த நாலரை நிமிடம் எப்படிப் போயிருக்கும் என்பது தெரியும். கன்ட்ரோல் ரூமில் இருந்தவர்கள் மின்விநியோகத்தை வெட்டித் தள்ளினார்கள். உச்சத்தில் 20,000 மெகாவாட். அவர்களுக்கு ஒரு கும்பிடு போட வேண்டும்.

கோளாறு எங்கே என்றால், எதை வெட்டுகிறோம் என்பது தெரியாமல் போனதில். டெக்சாஸில் ஏறத்தாழ பாதி மின்சாரம் ஓடுவது எரிவாயுவில். குளிரில் எரிவாயுக் கிணறுகளும் உறைந்தன, மின்நிலையக் கருவிகளும் உறைந்தன. அது போக, எரிவாயுவைக் குழாயில் தள்ளும் கம்ப்ரசர்களில் பல ஓடுவது மின்சாரத்தில். ‘எங்கள் இணைப்பைத் துண்டிக்காதீர்கள்’ என்று ஒரு படிவம் கொடுத்திருந்தால் அந்த ஃபீடரை, அதாவது துணைமின் நிலையத்திலிருந்து அந்தப் பகுதிக்குப் போகும் லைனை, தொட்டிருக்க மாட்டார்கள். பலர் கொடுக்கவில்லை. சிலர் ‘நெருக்கடி வந்தால் எங்களை நிறுத்திக்கொள்ளலாம்’ என்று காசு வாங்கிக்கொண்டு வேறு திட்டத்தில் சேர்ந்திருந்தார்கள்! கரண்டை வெட்டினால் வாயு நிற்கிறது, வாயு நின்றால் இன்னொரு மின்நிலையம் நிற்கிறது, மறுபடியும் வெட்டு. வானிலைக்காரர், வாயுக்காரர், கரண்டுக்காரர் மூவரும் தத்தம் வேலையைத்தான் பார்த்தார்கள். மூவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து ஒரே வரைபடத்தைப் பார்த்ததில்லை.

சுழற்சி முறையில் நிறுத்துவோம் என்றுதான் முதலில் சொன்னார்கள். மருத்துவமனை இருக்கும் ஃபீடரைத் தொட முடியாது. மிச்சமிருந்ததை வைத்துச் சுழற்றவும் முடியவில்லை. போன வீட்டுக்குப் போனதுதான். மருத்துவமனை ஃபீடரில் இருந்த நகர மையத்து ஆபீஸ் கட்டடங்கள், ஆளே இல்லாமல் விளக்கெரிந்தன. எங்கள் தெருவில் கிட்டத்தட்ட இரண்டு நாள் கரண்ட் இல்லை. வீட்டுக்குள்ளே பேசினால் வாயிலிருந்து புகை வந்தது. மகள் வீட்டில் கேஸ் அடுப்பு என்பதால் தீக்குச்சி கிழித்துக் கஞ்சி வைத்தோம். மாப்பிள்ளை போன் சார்ஜ் போடுவதற்காக மூடிய கராஜுக்குள் காரை ஸ்டார்ட் செய்தார். “மாப்பிள்ளை, முதல்ல அணைச்சிட்டு ஷட்டரைத் தூக்குங்க” என்று கத்தினேன். படித்த பிள்ளைதான், ஆனால் குளிரில் யாருக்கும் அந்த நேரத்தில் அது தோன்றாது. அந்த வாரம் கார்பன் மோனாக்சைடுக்குப் பலியானவர்களும் உண்டு. அரசுக் கணக்கில் மொத்த உயிரிழப்பு 246. அதில் மூன்றில் இரண்டு பங்கு உடல் குளிர்ந்துபோனதால்.

பக்கத்து மாநிலங்களிலும் அதே புயல்தான். அங்கேயும் வெட்டினார்கள், ஆனால் சில மணி நேரத்தோடு சரி. கிழக்கே அவ்வளவு குளிர் இல்லாத பகுதியிலிருந்து மின்சாரம் வந்து சேர்ந்தது. டெக்சாஸோ மத்திய அரசின் கட்டுப்பாடு வேண்டாம் என்று தன் மின்தொகுப்பை (மின்நிலையங்களையும் லைன்களையும் இணைக்கும் வலையை) தனியாக வைத்திருக்கிறது. வெளியிலிருந்து வாங்க வழி ஏறத்தாழ 1,200 மெகாவாட்டுக்குத்தான். அதே மாநிலத்தின் மேற்கு மூலையில் இருக்கும் எல் பாசோ, மேற்கத்திய தொகுப்பில் இணைந்த ஊர். 2011 குளிரில் அடிபட்டதும் அங்கே மின்நிலையங்களைக் குளிர் தாங்கும்படி மாற்றினார்கள். 2021இல் அங்கே பெரிய பாதிப்பில்லை. மற்றவர்களுக்கும் 2011லேயே அதே பரிந்துரை போனது. கட்டாயம் இல்லை என்பதால் கோப்பில் தூங்கியது. பிறகு 2021 ஜூனில்தான் சட்டம் போட்டார்கள். வாயு, மின்சாரம் இரண்டையும் சேர்த்து ஒரே வரைபடமும் தயாரித்தார்கள்.

நமக்கென்ன என்று கேட்கலாம். தொகுப்பு விஷயத்தில் நாம் பரவாயில்லை. 2012 ஜூலையில் வட இந்தியா இருண்டபோது தென் தொகுப்பு தனியாக இருந்ததால் தப்பித்தோம். ஆனால் தனியாக இருந்ததால்தான் மின்வெட்டுக் காலத்தில் வடக்கே மிச்சமிருந்ததை வாங்கவும் முடியாமல் தவித்தோம். 2013 டிசம்பர் 31இல் ராய்ச்சூர் – சோலாப்பூர் லைன் வழியாக இணைந்த பிறகு அந்தக் கவலை குறைந்தது.

என் கவலை பட்டியலைப் பற்றி. நான் வேலை பார்த்த ஒரு துணைமின் நிலையத்தில், ‘தொடக் கூடாத ஃபீடர்’ என்று சுவரில் ஒட்டியிருந்த தாளில் மருத்துவமனையின் பழைய கட்டடம் இருந்தது. மருத்துவமனை புதுக் கட்டடத்துக்கு, வேறு ஃபீடருக்கு, மாறிப் பல காலம் ஆகியிருந்தது. ஊர்ப் பெயர் வேண்டாம், எங்கேயும் நடக்கக்கூடியதுதான். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியதே, அப்படி ஒரு ராத்திரியில் குடிநீர் பம்ப், செல்போன் கோபுரம், மழைநீர் இறைக்கும் மோட்டார் எல்லாம் எந்தெந்த ஃபீடரில் இருக்கின்றன என்று குடிநீர் வாரியக்காரரும் மின்வாரியக்காரரும் ஒன்றாக உட்கார்ந்து பார்த்த தாள் கையில் இருக்க வேண்டும். பக்கத்து மாவட்டத்திலிருந்து மீட்புக்கு வருகிற லைன்மேனுக்கும் அது கிடைக்க வேண்டும். தெரியாத ஊரில், தண்ணீருக்கு நடுவில் கம்பம் ஏறுகிறவர் அவர்தான்.

செப்டம்பரில் மாவட்டம்தோறும் பருவமழை முன்னேற்பாட்டுக் கூட்டம் நடக்கும், உங்கள் நிருபர்களும் போவார்கள். எத்தனை மணல் மூட்டை, எத்தனை படகு என்று எழுதி வருவதோடு, ‘ஃபீடர் பட்டியலைக் கடைசியாக எந்தத் தேதியில் திருத்தினீர்கள்?’ என்றும் கேட்டு, பதிலை ஊர்வாரியாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உதவி செயற்பொறியாளர்,
திருச்சி.