எலி மருந்து என்று போட்டீர்கள், என் மனைவி குளிசையை நிறுத்திவிட்டார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன மாதம் உங்கள் சுகாதாரப் பக்கத்தில் இதயத்துடிப்பு ஒழுங்கில்லாமல் போவதையும் அதனால் வருகிற பாரிசவாதத்தையும் பற்றி ஒரு கட்டுரை வந்தது. புதிய குளிசைகள் வந்துவிட்டன, ரத்தம் கட்டியாகாமல் தடுக்கிற பழைய மருந்தான வாபரினின் காலம் முடிந்தது என்று எழுதி, அது முதலில் எலி மருந்தாக விற்கப்பட்டது என்பதைப் பெட்டி கட்டி வேறு போட்டிருந்தீர்கள். மற்றதை எவ்வளவு படித்தாரோ தெரியாது, அந்தப் பெட்டியை என் மனைவி படித்துவிட்டார். அப்புறம் ஒன்பது நாள் வாபரின் குளிசை போடவில்லை. எனக்கும் சொல்லவில்லை. கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்தால், ரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டுகிற ஐ.என்.ஆர் அளவு 1.2 என்று நிற்கிறது, இவருக்கு அது 2க்கும் 3க்கும் இடையில் இருக்க வேண்டும். டொக்டர் ஏசவில்லை. நான்தான் வீடு வரும்வரைக்கும் ஏசினேன், அது வேறு கதை.

நாங்கள் மட்டக்களப்பில் கொக்கட்டிச்சோலைப் பக்கம். மனைவிக்கு வயது 52. சின்னப் பிள்ளையில் தொண்டை நோவும் காய்ச்சலும் வந்து, பிறகு மூட்டுக்கு மூட்டு வீங்கி, அது வாதக் காய்ச்சல் என்று ஒருவர் கண்டுபிடித்துச் சொல்வதற்குள் இதய வால்வைப் பிடித்துவிட்டது. அந்த வருத்தம் திரும்பத் திரும்ப வராமல் இருக்க மூன்று நாலு கிழமைக்கு ஒருதரம் பென்சிலின் ஊசி போட வேண்டும். சண்டைக் காலத்தில், மண்முனையில் வாவியைக் கடக்கிற பாதைக்கு, அதாவது மிதவைக்கு, காத்து நின்று அக்கரைக்குப் போய் ஊசி போட்டு வருவதற்கு அந்த வீட்டில் யாருக்கு வழியிருந்தது? பாலம் வந்ததே 2014இல்.

வால்வு சுருங்கினால் என்ன நடக்கும் என்பதை எனக்கு விளங்கப்படுத்திய தாதி ஒரு நல்ல உவமை சொன்னார். முகத்துவாரம் மண் மூடினால் வாவித் தண்ணீர் ஏறி அப்படியே தேங்கி நிற்கும், அதுபோல இதயத்தின் மேலறையான இடது சோணையில் ரத்தம் தேங்கும், சோணை வீங்கும், அதற்குமேல் துடிப்பும் தாறுமாறானால் ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே நடுங்கும், தேங்கிய இடத்தில் ரத்தம் கட்டியாகும், அந்தக் கட்டி ஒருநாள் புறப்பட்டு மூளைக்குப் போகும் குழாயை அடைக்கும். அதுதான் பாரிசவாதம்.

சரி, உங்கள் கட்டுரை பொய்யா என்றால் பொய்யில்லை. புதிய குளிசைகளில் 2009இல் டபிகட்ரானையும் 2011இல் அபிக்சபானையும் வாபரினோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள், ஒவ்வொன்றிலும் 18,000க்கு மேற்பட்ட நோயாளிகள். அபிக்சபான் எடுத்தவர்களுக்குப் பாரிசவாதமும் குறைந்தது, பெரிய ரத்தப்போக்கும் குறைந்தது. மாதாமாதம் ரத்தம் குத்திப் பார்க்கவும் தேவையில்லை. வால்வில் பழுதில்லாமல் துடிப்பு மட்டும் குழம்பியவருக்கு அது நல்ல மருந்துதான், நான் மறுக்கவில்லை. ஆனால் என் மனைவியைப்போல வால்வு மோசமாகச் சுருங்கியவர்களை அந்த ஆய்வுகளில் சேர்க்கவே இல்லை. இதைச் சொல்லாமல் விட்டதுதான் என் வழக்கு.

அப்படியானவர்களை மட்டும் வைத்து ஓர் ஆய்வு நடந்து, அதன் முடிவு 2022 ஓகஸ்ட்டில் வந்தது. இன்விக்டஸ் என்று பெயர். ஆபிரிக்கா, ஆசியா, லத்தீன் அமெரிக்கா என்று 24 நாடுகளில் நாலாயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்டவர்கள், பெரும்பாலும் பெண்கள், சராசரி வயது 50 சொச்சம், அதாவது அப்படியே எங்கள் வீட்டு ஆள்தான். பாதிப் பேருக்கு ரிவரொக்சபான் என்கிற இன்னொரு புதிய குளிசை, மற்றப் பாதிப் பேருக்கு வாபரின் வகை. புதியதுதான் வெல்லும், குறைந்தது சமமாகவாவது வரும் என்றுதான் எதிர்பார்த்திருப்பார்கள். நடந்தது மறுவளம். மூன்று வருட அளவில் ரிவரொக்சபான் பக்கம் 552 பேர் இறந்தார்கள், வாபரின் பக்கம் 442 பேர். ரத்தப்போக்கிலும் பெரிய வித்தியாசம் இல்லை. இதில் எனக்கு ஆச்சரியம், ஆய்வு தொடங்கும்போது வாபரின் பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆட்களுக்குத்தான் ஐ.என்.ஆர் சரியான அளவில் இருந்ததாம், பிறகு பாதிக்குச் சற்று மேலாக முன்னேறியது, அவ்வளவுதான். எங்கள் ஊர்க் கிளினிக்குகளைப்போல அரைகுறையாகத்தான் அங்கும் நடந்திருக்கிறது, அப்படியிருந்தும் வாபரின்தான் காப்பாற்றியது.

உலோக வால்வு பொருத்தியவர்களுக்கு டபிகட்ரான் கொடுத்துப் பார்த்த ஆய்வில் ரத்தக்கட்டியும் கூடி ரத்தப்போக்கும் கூடியதால் அதை இடையிலேயே நிறுத்திவிட்டார்கள். நெதர்லாந்தில் 75 வயதைத் தாண்டி உடல் தளர்ந்த, ஏற்கெனவே வாபரின் வகையில் ஒழுங்காக இருந்தவர்களைப் புதியதற்கு மாற்றியபோது ரத்தப்போக்கு குறையவில்லை, கூடியது. 2023இல் வந்த முடிவு இது. ஆகவே மாற்றுவதா விடுவதா என்பதை ஆளைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும், பத்திரிகையைப் பார்த்து அல்ல.

எலி மருந்துக் கதைக்கு வருகிறேன். அது உண்மைதான், ஆனால் பாதிக் கதை. அமெரிக்காவில் பழுதான தீவனப் புல்லைத் தின்ற மாடுகள் ரத்தம் கொட்டிச் செத்தன, விஸ்கொன்சினில் அதற்குக் காரணமான பொருளைப் பிரித்தெடுத்தார்கள், அதன் வழியில் உண்டானது வாபரின். 1948இல் எலிக்கு வைத்தார்கள், 1954இல் மனிதருக்கு அனுமதித்தார்கள், அடுத்த வருடமே மாரடைப்பு வந்த ஜனாதிபதி ஐசன்ஹோவருக்கும் கொடுத்தார்கள். அந்தப் பெட்டியில் இன்னும் இரண்டு வரி சேர்த்திருந்தால் என் மனைவி பயந்திருக்க மாட்டார்.

இன்னொன்று, வாபரின் குடிப்பவர்கள் கீரையே தொடக்கூடாது என்று எழுதியிருக்கிறீர்கள். எங்களுக்குக் கிளினிக்கில் சொன்னது அப்படியில்லை. முருங்கை இலை, வல்லாரை, பொன்னாங்காணி எல்லாம் சாப்பிடலாம், ஒரு கிழமை ஒன்றுமில்லாமல் மறு கிழமை சட்டி சட்டியாகத் தின்னக்கூடாது, ஏறக்குறைய ஒரே அளவாக இருக்க வேண்டும். கீரையில் இருக்கிற விற்றமின் கே குளிசைக்கு எதிராக நிற்பதுதான் காரணம். இப்போது செவ்வாயும் வெள்ளியும் எங்கள் வீட்டில் கீரை. அளவு என் கையில்.

விரல் நுனியில் ஒரு துளி ரத்தம் எடுத்து அந்த இடத்திலேயே ஐ.என்.ஆர் சொல்கிற சின்ன மெஷின் இருக்கிறது. எங்கள் படுவான்கரையின் கிராமத்து வைத்தியசாலைகளில் அதை வைத்தால், ஒரு சோதனைக்காக ஒரு நாள் கூலியையும் பஸ் காசையும் இழந்து பட்டினத்துக்குப் போய் வருகிறவர்களுக்குப் பெரிய உதவி. அதைப் பற்றி ஒரு கட்டுரை போடுங்கள், நானே பத்துப் பேருக்கு வாங்கிக் கொடுக்கிறேன்.

வால்வு வருத்தக்காரருக்கும் உலோக வால்வு உள்ளவருக்கும் வாபரின் இன்னும் அவசியம், டொக்டரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம் என்று ஒரு திருத்தத்தை அதே சுகாதாரப் பக்கத்தில், அதே அளவுப் பெட்டியில் போடுங்கள். வெட்டிக் கிளினிக் கொப்பிக்குள் வைப்பதற்கு இங்கே ஒருவர் காத்திருக்கிறார்.

இப்படிக்கு,
கொக்கட்டிச்சோலையிலிருந்து ஒரு வாசகர்