எஸ்டேட் கிரீச் ஆயாம்மாவுக்கும் பால்வாடி டீச்சரக்காவுக்கும் நன்றி

அன்புள்ள ஆயாம்மாவுக்கும், டீச்சரக்காவுக்கும், எங்களை வீடு வீடாக அழைத்துப்போன நர்ஸம்மாவுக்கும், லைன் வீட்டு அம்மாக்களுக்கும்,

வணக்கம். உங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்த நர்சிங் மாணவிகளில் நானும் ஒருத்தி. எப்போதும் ஒரு நீல நோட்டோடு அலைந்தவள் என்றால் ஞாபகம் வரும். நோயில்லாத பிள்ளைகள் எப்படி வளர்கிறார்கள் என்று பார்த்து எழுத எங்களைக் கோத்தகிரிப் பக்கம் இரண்டு வாரம் அனுப்பினார்கள். கடைசி நாள் மழை பிடித்துக்கொண்டது. பஸ்ஸுக்கு ஓடியதில் யாரிடமும் ஒழுங்காகச் சொல்லிக்கொள்ளாமல் வந்துவிட்டேன். அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. கிரீச், அதாவது வேலைக்குப் போகும் அம்மாக்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம். அங்கே வேலை என்றால் பிள்ளையைப் பிடித்து உட்கார வைப்பதுதானே என்று கேட்பவர்களும் படிக்கட்டும் என்றுதான் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பையன். ஜார்க்கண்டிலிருந்து கொழுந்து பறிக்க வந்த குடும்பத்துப் பிள்ளை, இரண்டே முக்கால் வயது. கிரீச்சுக்குப் புதிது. இரண்டு வயதில் 'பால் வேணும்', 'அம்மா வா' என்று இரண்டு சொல்லாவது சேர்த்துப் பேச வேண்டும் என்பது எங்கள் பட்டியல். பந்தைக் காட்டிக் கேட்டேன், நாய்ப் படத்தைக் காட்டிக் கேட்டேன். வாயைத் திறக்கவில்லை. பேச்சு வளர்ச்சி தாமதம் என்று எழுதினேன். அழும்போது மட்டும் "ஆயோ, ஆயோ" என்றான். ஆயாவைக் கூப்பிடுகிறான், நன்றாக ஒட்டிக்கொண்டான் என்று அதையும் எழுதினேன்.

ஆயாம்மா, நீங்கள் அடுப்படியிலிருந்து கை துடைத்துக்கொண்டே வந்து, "அவன் என்னைக் கூப்பிடல கண்ணு. அவங்க பேச்சுல ஆயோன்னா அம்மா" என்றீர்கள். எனக்கு நெஞ்சு திக்கென்றது. அப்புறம் அவனிடம் "பானி?" என்று கேட்டீர்கள். அவன் டம்ளரைத் தூக்கிக்கொண்டு வந்து, நாலைந்து சொல் சேர்த்து உங்களிடம் என்னவோ சொன்னான். சாயங்காலம் கொழுந்து எடை போடும் இடத்தில் அவன் அம்மாவிடம் கேட்டுக் கேட்டு அந்தச் சொற்களை நீங்கள் படித்திருக்கிறீர்கள். யாரும் உங்களைப் படிக்கச் சொல்லவில்லை.

அதற்காக எல்லாப் பிள்ளையையும் 'தானாகப் பேசும்' என்று விட்டுவிடவும் கூடாது. காது கேட்காத பிள்ளையும் இப்படித்தான் பேசாமல் இருக்கும். அதனால் அவனுக்குப் பின்னால் நின்று தட்டைத் தட்டினேன், சட்டென்று திரும்பினான். இந்தி தெரிந்த பக்கத்து வீட்டு அக்காவை வைத்து அவன் அம்மாவிடம் கேட்டேன். ராத்திரி தூங்கும் வரை ஓயாமல் பேசுவானாம். வீட்டு மொழியில் கேட்டுப் பார்க்காமல் ஒரு பிள்ளையின் பேச்சை அளக்கக் கூடாது. அன்று இரவு விடுதியில் உட்கார்ந்து அந்தப் பக்கம் முழுவதையும் மாற்றி எழுதினேன்.

மூன்றாம் நாள் அவன் அழுகையை நிறுத்தினான். 'பழகிவிட்டான்' என்று எழுதப் போனேன். "அழுற பிள்ளைய பத்திப் பயமில்ல. சோறு தொடாம சுவத்தப் பாத்து உக்காந்திருக்கிற பிள்ளையத்தான் பாக்கணும்" என்று தடுத்தீர்கள். இது எங்கள் பாடத்திலேயே இருக்கிறது. ஜேம்ஸ் ராபர்ட்சனும் ஜான் பௌல்பியும் 1950களில், தாயைப் பிரிந்து ஆஸ்பத்திரியில் கிடந்த பிள்ளைகளைக் கவனித்துச் சொன்னது: முதலில் அழுது எதிர்க்கும், அப்புறம் நம்பிக்கை இழந்து அடங்கும், கடைசியில் ஒட்டாமல் விலகிப்போகும். தேர்வுக்காக மனப்பாடம் செய்தவள் நான். கண்முன் நடந்தபோது எனக்குத் தெரியவில்லை, உங்களுக்குத் தெரிந்தது. அவன் அம்மா தலையில் கட்டும் பழைய துண்டை வாங்கி வைத்துக்கொண்டு, மதியம் அதை அவன் கன்னத்துக்குக் கீழே மடித்துப் போட்டீர்கள். அன்று தூங்கினான். இரண்டு நாள் கழித்து என் கையிலிருந்தே சத்துமாவு உருண்டையை வாங்கித் தின்றான்.

டீச்சரக்கா, உங்களிடம் கற்றது எடை பார்ப்பதை. அந்தக் குளிரில் இரண்டு ஸ்வெட்டர், குல்லாவோடு பிள்ளையை நிறுத்தினால் எடை கூடத்தான் காட்டும். நீங்கள் கதவைச் சாத்தி, அறை சூடேறிய பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றி எடை பார்த்தீர்கள். ஸ்வெட்டரோடு, வளர்ச்சி அட்டையில் வரைந்த கோட்டுக்கு மேலே இருந்த ஒரு பெண் குழந்தை, கழற்றியதும் கோட்டுக்குக் கீழே வந்தது. கைச்சுற்றளவு நாடாவில் 12.2 செ.மீ., மஞ்சள் பகுதி. 12.5-க்குக் கீழே போனாலே கவனிக்க வேண்டும், 11.5-க்குக் கீழே போனால் ஆபத்து. அன்றே நீங்களும் நர்ஸம்மாவும் அந்த வீட்டுக்குப் போனீர்கள். அம்மாவை ஒரு சொல் திட்டவில்லை. காலையில் என்ன கொடுக்கிறாய் என்று மட்டும் கேட்டீர்கள். பால் விடாத டீ. தேயிலை விளைகிற இடத்தில் அதுதான் சுலபமாகக் கிடைக்கிறது. ஆனால் அது வயிற்றை நிரப்பிவிடும், சாப்பாட்டிலிருக்கும் இரும்புச் சத்தையும் உடம்பில் சேர விடாது. அதற்குப் பதில் சத்துமாவுக் கஞ்சி வைக்க, அவர்கள் அடுப்பிலேயே காய்ச்சிக் காட்டிவிட்டு வந்தீர்கள்.

கற்பூர மரக் (யூகலிப்டஸ்) காய்களைப் பொறுக்கி, நாலு வயதுப் பிள்ளைகளை எண்ணவும் வரிசை வைக்கவும் விட்டீர்களே, அதையும் குறித்துக்கொண்டேன். சின்னதுகள் மூக்கிலும் வாயிலும் போட்டுக்கொள்ளும் என்று ஒவ்வொரு முறையும் டப்பாவில் எண்ணித் திரும்பப் போட்டதை இரண்டு முறை குறித்திருக்கிறேன்.

தோட்டத்தில் வேலை பிரித்துக் கொடுக்கும் மேஸ்திரி அண்ணனுக்கும் நன்றி. பால் குடிக்கும் பிள்ளை உள்ள அம்மாக்களுக்குக் கிரீச்சுக்குப் பக்கத்துத் தேயிலைக் காட்டிலேயே வேலை கொடுத்தீர்கள். 50 பெண்கள் வேலை செய்தால் கிரீச் வேண்டும் என்றது 1951-ல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம். பிள்ளைக்கு 15 மாதம் ஆகும் வரை பால் கொடுக்க இரண்டு இடைவேளை என்றது 1961-ன் மகப்பேறு உதவிச் சட்டம். ஆனால் அம்மா நிற்கிற காடு தூரமாக இருந்தால் அந்த இடைவேளை மேடேறி இறங்கவே போய்விடும். அதைப் பார்த்துச் செய்தவர் நீங்கள். சட்டம் கட்டடத்தைக் கொண்டுவரும், அதற்குள் பிள்ளையைக் கவனிக்கிறவர் ஆயாம்மா. எங்களுக்குச் சொல்லித்தரும் அளவுக்கு அறிந்தவருக்கு அந்த அறிவுக்கு ஏற்ற சம்பளம் கிடைக்க வேண்டும் என்று நான் மனதார நினைக்கிறேன்.

இந்த மடலோடு 24 பட அட்டைகள் அனுப்பியிருக்கிறேன். தமிழிலும், நீங்கள் சொல்லிக்கொடுத்த பையன் வீட்டுப் பேச்சிலும் எழுதியிருக்கிறேன். தப்பிருந்தால் அவன் அம்மாவிடம் கேட்டு, பேனாவாலேயே அடித்துத் திருத்துங்கள்.

இன்னொன்று ஆயாம்மா. அந்தத் துண்டைத் துவைக்காமலே வைக்கவும் முடியாது, துவைத்தால் அம்மா வாசம் போய்விடும். சனிக்கிழமை துவைத்து, ஞாயிறு முழுக்க அவன் அம்மா தலையில் கட்டியிருந்து, திங்கட்கிழமை காலை கொடுத்துவிடச் சொல்லுங்கள்.

அன்புடன்,
நீல நோட்டு நர்சிங் மாணவி