வெள்ள நிவாரண மருத்துவ முகாமுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள தன்னார்வலர்களுக்கு,

ஸ்டெதாஸ்கோப் மாட்டியிருந்தவர்களுக்கு வேண்டிய அளவு நன்றி சொல்லியாகிவிட்டது. மருந்துப் பெட்டியையும் ஐஸையும் தண்ணீர்த் தொட்டியையும் பார்த்துக்கொண்டவர்களை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. இந்த மடல் அவர்களுக்கு.

முதல் நன்றி மருந்துக் கிடங்குக்கு. நிவாரணமாக வரும் மருந்தில் பாதி வெட்டிய அட்டை, திறந்த சிரப்பு, புரியாத மொழி லேபிள் எல்லாம் கலந்துதான் வரும். வந்து சேரும்போது குறைந்தது ஓராண்டு ஆயுளாவது மீதி இருக்க வேண்டும், ஒருவருக்குக் கொடுத்துத் திரும்பிய மருந்து கூடாது என்பது உலக சுகாதார அமைப்பின் நன்கொடை நெறி. அனுப்புகிறவர்களுக்கு அது தெரிவதில்லை. நீங்கள் பெட்டியைப் பிரித்ததும் கம்பெனி வைத்த பெயரை விட்டுவிட்டு, மருந்தின் மூலப்பெயரை மார்க்கரில் கொட்டை எழுத்தில் எழுதினீர்கள். பாராசிட்டமால் பல பெயர்களில் வரும். காய்ச்சலுக்கு ஒன்று, உடம்புவலிக்கு ஒன்று என்று இரண்டும் ஒருவர் கைக்கே போனால் கல்லீரலுக்குக் கேடு. சீக்கிரம் காலாவதியாகும் அட்டைகளை முன்வரிசையில் வைத்தீர்கள். காலாவதியானவற்றைக் குப்பையில் போடாமல் தனியே பூட்டி வைத்தீர்கள், குப்பையில் போட்டால் பொறுக்கி எடுத்து விழுங்க ஆள் இருக்கும் என்பதால். அலுப்பான வேலைதான். ஆனால் மாத்திரைப் பையை வெள்ளத்தில் விட்டுவிட்டு வந்த சுகர், பிரஷர், வலிப்பு நோயாளிகளுக்கு வரிசையில் நின்ற கையோடு மருந்து கிடைத்தது அதனால்தான்.

அடுத்தது குளிர்ப்பெட்டிக்காரர்கள். டெட்டனஸ் தடுப்பூசியும் திறக்காத இன்சுலினும் 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். சூட்டில் கெடும் என்பது ஊரறிந்தது. உறைந்தாலும் கெடும் என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஃபிரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை அப்படியே அடுக்கினால் பக்கத்துக் குப்பி உறைந்துபோகும். தடுப்பூசியில் உள்ள அலுமினிய உப்பு திரண்டுவிட்டால், உருகிய பிறகும் பழைய வீரியம் திரும்பாது. பேக்குகளை மேசையில் பரப்பி வைத்து, ஒவ்வொன்றாகக் காதருகே ஆட்டிப் பார்த்து, உள்ளே தண்ணீர் சலசலக்கிற வரை பொறுத்திருந்து அடுக்கினீர்கள். வண்டி ஹாரன் அடித்தும் அசையவில்லை. அந்தப் பிடிவாதத்துக்குத் தனி நன்றி!

தண்ணீர்க் குழுவினர் பிளீச்சிங் பவுடரை நேராகத் தொட்டியில் கொட்டவில்லை. வாளியில் குழைத்துக் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்த பிறகு மேலே தெளிந்ததை மட்டும் ஊற்றினார்கள். கலங்கல் தண்ணீரில் குளோரின் சேற்றோடு போராடியே தீர்ந்துபோகும் என்பதால், முதலில் படிகாரம் போட்டுத் தெளிய வைத்தார்கள். அரை மணி நேரம் கழித்து லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் மிச்சம் நிற்கிறதா என்று சோதித்த பிறகே குழாயைத் திறந்தார்கள். திறந்து கிடந்த மூட்டையில் வீரியம் போயிருக்கும் என்று, நேற்றைய அளவை நம்பாமல் தினமும் சோதித்ததும் சரியான முடிவு.

ஓ.ஆர்.எஸ். (பேதிக்குக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசல்) மூலையில் இருந்த அக்காமார்களுக்கு: பாக்கெட்டைப் பாதி பாதியாக டம்ளரில் கலக்கும் பழக்கத்தை மாற்றுவது லேசான காரியமில்லை. ஒரு லிட்டர் பாக்கெட் என்றால் ஒரு லிட்டர் தண்ணீர். கெட்டியாகக் கலந்தால் பேதி கூடும். 24 மணி நேரம் போனால் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். பேதி நின்றதும் துத்தநாக மாத்திரையை நிறுத்திவிடும் தாய்மார்களிடம், 10 நாளாவது கொடுக்கச் சொல்லி அட்டையில் நாள்வாரியாகக் கட்டம் போட்டுக் கொடுத்தது உங்கள் யோசனைதான்.

எலிக்காய்ச்சல் தடுப்புக்கு, வெள்ளத்தில் இறங்கி வேலை செய்தவர்களுக்கு வாரம் ஒருமுறை 200 மி.கி. டாக்ஸிசைக்ளின் கொடுத்தோம். வரிசையில் நின்ற பெண்களிடம் கர்ப்பமா என்று கூச்சப்படாமல், சத்தமில்லாமல் கேட்டு விலக்கியவர்கள் பதிவு மேசைத் தம்பி தங்கைகள். சாப்பிட்டுவிட்டு, முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, உடனே படுக்காமல் இருக்கச் சொன்னவர்களும் அவர்கள்தான். இல்லையென்றால் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கிவிடும்.

“இப்போது ஆள் போதும், வர வேண்டாம்” என்றதும் வருத்தப்படாமல் வீட்டிலேயே இருந்தவர்களையும் இங்கே சேர்த்துக்கொள்கிறோம். கூடுதலாக வரும் ஒவ்வொருவருக்கும் சோறும் கழிப்பறையும் படுக்க இடமும் வேண்டும். அது முகாமில் தங்கியிருப்பவர்களின் பங்கிலிருந்துதான் போகும்.

மீதமான மருந்துகளைக் காலாவதித் தேதியோடு பட்டியலிட்டு, அருகிலுள்ள சுகாதார நிலையத்தில் ஒப்படைத்தாயிற்று. குளிர்ப்பெட்டி இரவல் கொடுத்தவர்கள் வந்து வாங்கிக்கொள்ளலாம். கழுவி, மூடியைத் திறந்து காயவைத்திருக்கிறோம். ஈரத்தோடு மூடிவிடாதீர்கள், பூஞ்சை பிடிக்கும்.

நன்றியுடன்,
மருத்துவ நிவாரணக் குழுவினர்